நாலாம் கட்டத்துக்கு ஒரு சிங்கம்

எங்கள் பக்கத்தில் எந்தச் சிங்கம் எங்கே இருக்க வேண்டும் என்பதைச் சிங்கம் முடிவு செய்வதில்லை. எம்பார்னாட் சிங்க எல்லைக் கழகம் முடிவு செய்கிறது. புல்வெளியை ஒன்பது கட்டமாகப் பிரித்து, அலுவலகச் சுவரில் ஒரு வரைபடம் மாட்டியிருக்கிறார்கள். மஞ்சள் பூசிய கட்டத்தில் சிங்கம் உண்டு. அங்கே மாடு போகக் கூடாது. வெள்ளைக் கட்டத்தில் சிங்கம் இல்லை. அங்கே மாடு மேயலாம். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை தலைநகரிலிருந்து வாரியம் வந்து கூடி மஞ்சளை மாற்றிப் பூசும். நடுவில் சிங்கங்கள் தங்களுக்குள் என்ன செய்துகொண்டாலும் அது அவற்றின் சொந்த விஷயம்.

போன மழை முடியும்போது அவை செய்துகொண்ட விஷயம் இதுதான். நாலாம் கட்டத்தை இரண்டு ஆண் சிங்கங்கள் மூன்று வருஷமாக ஆண்டுகொண்டிருந்தன. நாங்கள் பல்லன், நொண்டி என்று கூப்பிடுவோம். கழகத்தின் பதிவேட்டில் அவற்றின் பெயர் ஆண்டர்ஸ், நீல்ஸ். கழகத்துக்கு இரண்டு ஜீப் வாங்கிக் கொடுத்த ஒரு வெளிநாட்டு ரொட்டிக்கடை முதலாளியின் பிள்ளைகளுடைய பெயர்கள் அவை. ஆற்றைத் தாண்டித் தெற்கேயிருந்து நாலு வாலிபச் சிங்கங்கள் வந்தன. அண்ணன் தம்பிகள், பிடரி கறுக்கத் தொடங்கிய வயசு. ஒரு வாரம் இரண்டு தரப்பும் கத்திக் கத்தி எங்கள் மாடுகளுக்குப் பால் சுரக்கவில்லை. எட்டாம் நாள் பல்லன் செத்துக் கிடந்தான். நொண்டி இன்னும் கொஞ்சம் நொண்டிக்கொண்டு ஆற்றைத் தாண்டிப் போனவன் திரும்பவே இல்லை. ஜெயித்த நாலு பேரும் பெண் சிங்கங்களைக் கூட்டிக்கொண்டு, வரிக்குதிரை நிறைய இருக்கிற ஏழாம் கட்டத்துக்குக் குடிபோய்விட்டார்கள்.

ஆக, மஞ்சள் நாலில் ஈ காக்கை இல்லை. வெள்ளை ஏழில் நாலு கடா சிங்கம். உனக்கு இதில் என்ன வந்தது என்று கேட்பீர்கள். எனக்குப் பதினாலு மாடு இருந்தது. கோடையில் வற்றாத ஒரே ஊற்று நாலாம் கட்டத்தில் இருக்கிறது. அதுதான் எனக்கு வந்தது.

என் பெயர் சிமாலோய். புருஷன் போய் மூன்று மழை ஆகிறது. மாட்டை நானேதான் ஓட்டுகிறேன், நானேதான் கறக்கிறேன், நானேதான் திட்டுகிறேன். கழகத்தின் சட்டப்படி ஏழாம் கட்டத்துக்கு ஓட்டிப் போனேன். இரண்டாவது வாரம் செவலையை அடித்துவிட்டார்கள். கழுத்தில் பல் பதிந்த தோலை வெட்டி எடுத்துக்கொண்டு கழகத்துக்கு நடந்தேன். அங்கே வரைபட அதிகாரி கொய்நெத் உட்கார்ந்திருந்தான். நல்ல பையன்தான்; படித்துவிட்டான், என்ன செய்வது.

"அம்மா, ஏழு வெள்ளையாச்சே" என்றான்.

"ஏழு வெள்ளைதான். மாடு செவலை. செத்துப்போச்சு."

"வெள்ளைக் கட்டத்துல சிங்கம் கிடையாது. அதனால இது சிங்கம் அடிச்சதா இருக்க முடியாது."

"அப்ப யாருடா கடிச்சது? நானா?"

தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பல் பதிந்த இடத்தில் விரலை விட்டும் பார்த்தான். விரல் உள்ளே போய்விட்டது. அவசரமாக எடுத்துக்கொண்டான்.

"தடுக்கி விழுந்திருக்கும்மா."

"கழுத்துலயா?"

"மாடுங்க பல மாதிரி விழும்."

பதிவேட்டில் 'தடுக்கியதால் மரணம்' என்று எழுதி, என் கட்டைவிரலை மையில் உருட்டி ஒற்றிக்கொண்டான். வெளியே ரெசியாடோ காத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நான் ஒரு காலத்தில் ஓர் ஆடு கொடுத்தேன். எங்கள் வழக்கப்படி ஆடு கொடுத்தவளும் வாங்கினவளும் அதற்கப்புறம் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'பாகெர்' என்றுதான் சொல்லிக்கொள்வோம், ஆட்டுக்காரி என்று அர்த்தம்.

"என்ன சொன்னான் பாகெர்?"

"என் மாட்டுக்கு நடக்கத் தெரியலையாம்."

அடுத்த வாரம் காரிக்கும் நடக்கத் தெரியாமல் போயிற்று. பன்னிரண்டு மாடு மிச்சம். ஏழாம் கட்டத்துக் குட்டையில் சேறுதான் இருந்தது. அதைக் குடித்து ஒன்று வயிறு ஊதிச் செத்தது. பதினொன்று. இனி கொய்நெத்திடம் போய்ப் பிரயோஜனமில்லை என்று இயக்குநரிடமே போனேன்.

இயக்குநர் ஓலே தூமங்கா பெரிய ஆள். அலுவலகத்தில் இஸ்திரி போட்ட காக்கிச் சட்டை. வெள்ளைக்காரர்கள் வந்தால் மட்டும் அதன்மேல் நம் சிவப்புப் போர்வை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். நேரில் பார்த்துவிடலாம் என்று என்னையும் கொய்நெத்தையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு நாலாம் கட்டத்துக்கே கூட்டிப்போனார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு பெரிய மனுஷன் கண்ணால் பார்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன்.

நாலாம் கட்டத்தில் காற்று அடித்தது. ஊற்றில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. சுற்றிலும் பழைய தடம்கூட இல்லை.

"பாத்தீங்களா ஐயா? காலி."

ஓலே தூமங்கா சிரித்தார். "சிங்கம்னா சும்மா மிருகம்னு நினைச்சுக்காதம்மா. அது ஒரு பதவி. பதவியில இருக்கறவங்க கண்ணுக்குத் தெரியணும்னு அவசியம் இல்லை. நானே மாசத்துல இருபது நாள் ஆபீசுல இருக்க மாட்டேன். அதுக்காக இயக்குநர் நாற்காலி காலின்னு யாராவது சொல்லிட முடியுமா?"

நான் அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகப் புதருக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போனேன். பல்லனின் மண்டையோடு கிடந்தது. அவனுக்குப் பல்லன் என்று பெயர் வாங்கிக் கொடுத்த உடைந்த பல் கீழ்த்தாடையில் அப்படியே இருந்தது.

"இதோ பாருங்க, உங்க ஆண்டர்ஸு."

குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் தொப்பியைக் கழற்றி வைத்திருந்தார். பிறகு கொய்நெத்தைப் பார்த்து, "எழுதிக்கோ. ஆண்டர்ஸ், படுத்த நிலையில் காணப்பட்டது. அமைதியாக இருந்தது. எங்களைக் கண்டு ஓடவில்லை" என்றார்.

"ஐயா, செத்துப்போச்சு ஐயா!"

"அம்மா, இந்தப் பேருள்ள பிள்ளையோட அப்பா வர்ற மாசம் மூணாவது ஜீப்பு அனுப்பறார். அதுவரைக்கும் யாரும் சாக முடியாது."

ஜீப் கிளம்பும்போது, ஊற்றங்கரையில் என் செருப்புத் தடம் பதிந்துவிட்டதென்று கொய்நெத் இறங்கிப் போய்க் கிளையால் அழித்துவிட்டு வந்தான். நான் ஜீப்பில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாய் ஒன்று போய்க் குடித்துக்கொண்டிருந்தது. நாய்க்கு வரைபடம் தெரியாது, கொடுத்து வைத்தது.

அந்த மாசம்தான் இரண்டு வருஷத் தவணை முடிந்து வாரியம் கூடிற்று. நானும் ரெசியாடோவும் போய் வாசலில் உட்கார்ந்தோம். என் விஷயம் ஏழாவதாக வந்தது. 'நாலாம் கட்டத்தின் ஆட்சி மாற்றம் குறித்த மனு' என்று கொய்நெத் படித்தான். சண்டை நடந்ததை யாரும் மறுக்கவில்லை. அங்கிருந்த எல்லாருக்கும் அது தெரியும், ஒருத்தருடைய ஊர்ச் சொந்தக்காரர் வீட்டு ஆட்டையே அந்த நாலும் தின்றிருந்தன. சிக்கல் வேறு. வாரியத்தில் மூத்தவர் ஓலே சிரோங்கா எழுந்தார்.

"நான் ஒண்ணு கேக்கறேன்" என்றார். "நம்ம ஜனங்கள்ல ஒரு வயசுக்கூட்டம் முறைப்படி ஓய்வு வாங்காம அடுத்த கூட்டம் எப்பவாவது பொறுப்புக்கு வந்திருக்கா? நாங்க வாலிபமா இருந்தப்ப எத்தனை வருஷம் வாசல்ல நின்னோம்! முக்காலி கொடுத்து, மூக்குப்பொடி கொடுத்து, பெரியவங்களை உக்கார வெச்சப்புறம்தானே எங்க முறை வந்துச்சு? இந்த நாலு பயலுக நேத்து வந்து, பெரியவங்களைக் கடிச்சுப்புட்டு, நாங்கதான் ராஜான்னா விட்டுடறதா? இன்னைக்குச் சிங்கம் செய்யும். நாளைக்கு நம்ம பிள்ளைங்க செய்யும்."

வாரியத்தில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு எழுபது தாண்டியிருந்தது. கைதட்டல் ஓயவே இல்லை.

அப்படியாக, ஆண்டர்ஸுக்கும் நீல்ஸுக்கும் ஓய்வுச் சடங்கு என்று முடிவாயிற்று. ஒன்று செத்துவிட்டது, ஒன்று ஓடிவிட்டது. ஆகவே பதிலுக்கு ஆள். ஆண்டர்ஸாக ஓலே சிரோங்காவே உட்காருவதாகச் சொன்னார். நீல்ஸுக்குக் கால் கொஞ்சம் இழுக்கிற இன்னொரு பெரியவரைப் பிடித்தார்கள். புதியவர்களுக்காக ஆசி வாங்க நாலு வாலிபர்கள். பழையவர்கள் முக்காலியில் உட்கார்ந்ததும் அந்த நாலு சிங்கமும் மட்டும் நேரில் வந்து பாதத்தை மையில் ஒற்ற வேண்டும். அப்போதுதான் மாற்றம் செல்லும். எங்கே நடத்துவது? நாலில் நடத்தக் கூடாது, அது மஞ்சள், ஆபத்து. ஏழு வெள்ளை, ஏழில் நடத்தலாம்.

நான் வாசலிலிருந்தே கத்தினேன். "ஐயா, ஏழுலதான் அந்த நாலும் இருக்கு!"

கொய்நெத் பொறுமையாகச் சொன்னான்: "பதவியேற்காம எப்படிம்மா இருக்கும்?"

சடங்கன்று நான் போகவில்லை. கழகத்துக் காவலர்கள் ஒருத்தர் விடாமல் ஏழுக்குப் போய்விட்டார்கள் என்று தெரிந்ததும் பதினொரு மாட்டையும் நாலாம் கட்டத்துக்கு ஓட்டினேன். மாடுகள் ஊற்றைப் பார்த்ததும் ஓடின. மயிலைக்கு முட்டி மடங்கிவிட்டது, படுத்துக்கொண்டே குடித்தது. அது குடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நானும் பக்கத்தில் படுத்துவிட்டேன். இனி யார் வந்து என்ன சொன்னாலும் இங்கிருந்து எழுந்திருக்கப் போவதில்லை என்று அப்போது நினைத்தேன்.

சடங்கில் நடந்ததை ரெசியாடோ வந்து சொன்னாள். தேநீர் போடப் போயிருந்தாள் அவள்.

காளையை அறுத்து நெருப்பில் வாட்டியிருக்கிறார்கள். ஓலே சிரோங்கா முக்காலியில் உட்கார்ந்து, பொடி போட்டு, தும்மி, வாலிபர்களைப் பார்த்து எச்சில் தெறிக்க ஆசீர்வாதம் பண்ண ஆரம்பித்திருக்கிறார். வாசனைக்கு அந்த நாலும் வந்துவிட்டன. அவசரப்படாமல் வந்தன என்றாள். கல்யாண வீட்டுக்கு மாப்பிள்ளைத் தரப்பு வருகிற மாதிரி. அடுத்த நிமிஷம் ஓலே சிரோங்கா வேலமரத்தில் இருந்தார். எழுபத்தெட்டு வயசில் அந்த முள்ளுமரத்தில் எப்படி ஏறினார் என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. இழுக்கிற காலுள்ள பெரியவர் அவருக்கும் மேலே ஒரு கிளையில் இருந்தார்.

ஓலே தூமங்கா மட்டும் ஜீப்பின் கூரைமேல் நின்று பேச்சை நிறுத்தவில்லையாம். "பயப்படாதீங்க! இவங்க பதிவேட்டுல இல்லாதவங்க! கூப்பிடறதுக்கு முன்னாடியே வந்தவங்க! யாரும் பாக்காதீங்க, பாத்தா அங்கீகாரம் குடுத்த மாதிரி ஆயிடும்!"

ஜனங்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். சிங்கங்கள் காளையைத் தின்றன. ஒன்று முக்காலியைக் கடித்துப் பார்த்துத் துப்பியது. கொய்நெத் ஜீப்புக்குள்ளிருந்து மைப்பெட்டியை நீட்டிப் பார்த்திருக்கிறான், பாவம். ஒரு சிங்கம் பக்கத்தில் வந்து முகர்ந்ததும் கையை இழுத்துக்கொண்டான்.

சொல்லி முடிக்கவே ரெசியாடோவால் முடியவில்லை, அவ்வளவு சிரிப்பு. எனக்கும்தான். ரொம்ப நாளைக்கப்புறம் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

ஆனால் கழகத்துக்கு அது சிரிப்பாக இல்லை. பழையவர்கள் முறைப்படி ஓய்வு வாங்கிவிட்டார்கள். புதியவர்கள் பாதம் ஒற்றவில்லை. அதனால் நாலாம் கட்டம் இப்போது அதிகாரபூர்வமாகக் காலி. ஏழு பழையபடி வெள்ளை. மஞ்சள் கட்டம் பத்து நாளுக்கு மேல் காலியாக இருந்தால், சிங்கமில்லாத நிலத்துக்கு ஜீப் எதற்கு என்று வெளிநாட்டில் கேட்பார்கள். கொய்நெத்துக்கு வேலை போய்விடும்.

பத்தாம் நாள் காலை அவன் மோட்டார் சைக்கிளில் நாலாம் கட்டத்துக்கு வந்தான். நான் முள்வேலி போட்டு, சாணி மெழுகி ஒரு குடிசையே கட்டியிருந்தேன். மாட்டை விரட்டத்தான் வருகிறான் என்று நினைத்துக் குறுந்தடியை எடுத்துக்கொண்டு துரத்தினேன். வண்டியைப் போட்டுவிட்டு ஓடினான். கொஞ்ச தூரம் போய் நின்று, பையிலிருந்து காகிதத்தை எடுத்து என்னவோ குறித்துக்கொண்டான்.

"என்னடா எழுதறே?"

"அம்மா, அடிக்காதீங்க, ஒரு நிமிஷம். எல்லைக்குள்ள வந்த அந்நியரை விரட்டுதா... விரட்டுது." குறித்தான். "தண்ணி பக்கத்துல படுக்குதா?"

"படுக்கறேன். அதுக்கென்ன இப்ப?"

"சாணம், மூத்திரம் போட்டு எல்லை காட்டியிருக்கா?"

"பதினொரு மாடுடா எனக்கு! மூத்திரத்துக்கா பஞ்சம்?"

"பத்து நாளா எதிரி யாரும் இல்லை." பேனாவை மூடினான். அவன் கண் கலங்கியிருந்தது. "எல்லாம் பொருந்துதும்மா. நாலாம் கட்டத்தை ஆளுற சிங்கம் நீங்கதான். தயவு பண்ணி முடியாதுன்னு சொல்லிடாதீங்க. வீட்டுல சின்னக் குழந்தை இருக்கு."

நான் தடியை ஊன்றி நின்றுவிட்டேன். பின்னால் மாடுகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன.

"சிங்கம்னா மாடு வெச்சுக்கலாமா?"

புத்தகத்தைப் புரட்டினான். "மாடு இரை. தன் எல்லைக்குள்ள இருக்கற இரையைச் சிங்கம் என்ன செஞ்சாலும் கழகம் தலையிடக் கூடாது. பதினொண்ணாவது விதி."

"அப்ப எழுதிக்கோ."

மீசை முளைக்கிற இடத்துப் புள்ளிகளை வைத்துத்தான் சிங்கத்தை அடையாளம் காண்பார்களாம். என் கன்னத்து அம்மைத் தழும்புகளை எண்ணி எழுதினான். ஆணா பெண்ணா என்ற இடத்தில் 'ஆண்' என்று போட்டான்.

"என்னடா, என்னை ஆம்பளைன்னு எழுதறே!"

"ஆம்பளைன்னு எழுதலைம்மா. ஆண் சிங்கம்னுதான் எழுதறேன். ஆளறதுன்னா ஆணாத்தான் இருக்கணும், புத்தகத்துல வேற இடம் இல்லை."

மறுநாளே ரெசியாடோ தன் ஒன்பது மாட்டோடு வேலிக்கு வெளியே வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் எங்கள் ஊர்ப் பெண்கள். எல்லாருடைய மாடும் எலும்பும் தோலுமாக இருந்தது. கொய்நெத்தைக் கேட்டேன். ஓர் ஆண் சிங்கத்தோடு எத்தனை பெண் சிங்கம் வேண்டுமானாலும் இருக்கலாம், வரம்பு கிடையாது என்றான். அன்று பொழுது சாயும்வரை மச்சத்தையும் தழும்பையும் எண்ணினான். நாற்பது பேர். கழக வரலாற்றிலேயே இவ்வளவு பெரிய சிங்கக் கூட்டம் பதிவானதில்லை என்று ஓலே தூமங்காவுக்கு எங்கிருந்தோ ஒரு பதக்கம்கூட வந்தது.

பதக்கத்தைத் தொடர்ந்து சிங்கக் கூட்டத்தைப் பார்க்க ஆட்களும் வந்தார்கள். நாலாம் கட்டத்துச் சிங்கங்கள் கண்ணில் படவில்லை, குரலாவது கேட்க வேண்டாமா என்று புகார் எழுதிவிட்டுப் போனார்கள். உடனே எனக்குக் கழகத்திலிருந்து ஓலை வந்தது. ஆளும் சிங்கம் விடியலில் இருமுறை கர்ஜிக்க வேண்டும். தவறினால் பதிவு ரத்து. தண்ணீருக்காக நான் கழுதையாகக்கூடக் கத்தியிருப்பேன். காலிச் சுரைக்குடுவைக்குள் வாயை வைத்து அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கொடுத்தேன். நாற்பது பேரும் சேர்ந்துகொண்டார்கள். புருஷன்மேல் இருக்கிற கோபம், மாமியார்மேல் இருக்கிற கோபம், கழகத்தின்மேல் இருக்கிற கோபம் எல்லாம் அதில் வந்தது. எங்களுக்கே மயிர்க்கூச்செறிந்தது.

அந்தச் சமயத்தில் ஏழாம் கட்டத்து நாலு பேரும் எல்லையைப் பெரிசாக்கிக்கொண்டு எங்கள் பக்கம் வந்திருந்தார்கள். எல்லையில் இருக்கிற வறண்ட ஓடைக்கு அந்தக் கரையில் நின்று கேட்டார்கள். சிங்கம் பள்ளிக்கூடம் போகாவிட்டாலும் அதற்கு எண்ணத் தெரியும். எதிரே எத்தனை குரல் என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த அடி வைக்கும். நாங்கள் நாற்பத்தொன்று. அவர்கள் நாலு. காதை மடக்கிக்கொண்டு வடக்கே திரும்பினார்கள்.

வடக்கே ஒன்பதாம் கட்டம். ஒன்பதாம் கட்டத்தில் இருப்பது கழகத்தின் அலுவலகம்.

மூன்றாம் நாள் ஓலே தூமங்கா நடந்தே வந்தார். காக்கிச் சட்டையில் ஒரு கை காணோம். பதிவேட்டோடு கொய்நெத்தும் கூட வந்தான். பின்னால் இயக்குநரின் ஆறு மாடு, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

"ஆபீஸ் வராந்தாவுல படுத்திருக்காங்க" என்றார். "நாலு பேரும். என் நாற்காலியைக்கூட..."

எனக்கு அவர்மேல் எவ்வளவோ கோபம் இருந்தது. மூன்று மாட்டைப் புதைத்தவள் நான். ஆனால் அந்த ஆறு மாடும் வேலிக்கு மேலாகத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தன. மாடு என்ன பாவம் செய்தது?

"வாரியத்துக்கு எழுதினீங்களா ஐயா?" என்று கேட்டேன்.

"அவசரமா ஆள் அனுப்பினேன். பதிலும் வந்துடுச்சு." சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொய்நெத்திடம் கொடுத்தார். கொய்நெத் எல்லாருக்கும் கேட்கும்படி படித்தான்: "ஒன்பதாம் கட்டம் வெள்ளை. அங்கே சிங்கம் இல்லை. ஊழியர்கள் உடனே பணிக்குத் திரும்பவும்."

யாரும் சிரிக்கவில்லை. ரெசியாடோ மட்டும் போர்வையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"நாலுல இடம் இருக்கா?" என்று ஓலே தூமங்கா மெதுவாகக் கேட்டார்.

கொய்நெத் பதிவேட்டைப் பிரித்தான். "ஆண் இடம் ஒண்ணுதான் ஐயா, அதுல இவங்க இருக்காங்க. பெண் சிங்கமா வேணா..."

ஓலே தூமங்கா தன் மாடுகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கொய்நெத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, எண்ணுவதற்கு வசதியாகக் கன்னத்தைக் காட்டினார். எட்டு மச்சம் இருந்தது. கட்டைவிரலை அவரே மையில் உருட்டி ஒற்றினார். நான் வேலியைத் திறந்துவிட்டேன். ஆறும் அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு தண்ணீருக்கு ஓடின.

அவை குடித்து முடிக்கிறவரை அவர் நின்று பார்த்தார். மை பட்ட விரலைப் புல்லில் துடைத்துக்கொண்டே என் பக்கம் வந்தார்.

"ஏம்மா, நாளைக்குக் கர்ஜனை எத்தனை மணிக்கு?"